‘சைட் போட்டாச்சு, ஆளே வரல’: தேடுபொறிக்குள் என்ன நடக்கிறது?

சொந்தத் தொழிலுக்கென்று இணையதளம் தொடங்கியவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. அதற்கு வரும் பதில்களும் நமக்கு மனப்பாடம். எஸ்இஓ பண்ணணும், கீவேர்டு நிறைய போடணும், பேக்லிங்க் வாங்கணும், தினமும் ஏதாவது எழுதணும், கூகுளுக்குக் காசு கட்டணும். சொல்பவருக்கு இவை பாதி புரிந்திருக்கும். கேட்பவருக்கு அதுவும் இருக்காது. நடுவில் காசு மட்டும் கைமாறிவிடும்.

எஸ்இஓ என்பது தேடுபொறிக்குப் புரியும்படியும் தேடுபவருக்குப் பயன்படும்படியும் தளத்தைச் சீராக்கும் வேலை. தேடுபொறி எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் அதைச் செய்ய முடியாது. ஒரு பக்கம் தேடல் முடிவில் வந்து நிற்பதற்கு முன் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன: கண்டுபிடிப்பது, குறித்துவைப்பது, வரிசைப்படுத்துவது. ஆள் வராத தளத்தில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் சிக்கல் இருக்கும். முதல் வேலையே நடக்காத தளத்துக்கு மூன்றாவது வேலைக்கான செலவைச் செய்வதுதான் நான் அதிகம் பார்க்கும் வீண்செலவு.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடை கோரைப்பாய்க்குப் பெயர்போன ஊர். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். அங்கே பாய் நெய்யும் ஒரு குடும்பம் வெளியூருக்கு விற்க இணையதளம் தொடங்குகிறது. இது கற்பனைக் குடும்பம்தான். அவர்களுக்கு வரும் சிக்கல்கள் நிஜமானவை.

முதலில், ‘ஆள்’ என்று எதை எண்ணுகிறோம்?

‘என் சைட்டுக்கு மாசம் ஐம்பதாயிரம் ஹிட்ஸ்’ என்று யாராவது சொன்னால் உடனே வியக்க வேண்டாம். தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினியைச் சர்வர் என்கிறோம். அந்தச் சர்வரிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கோப்பும் ஒரு ஹிட். பக்கத்தின் எழுத்து ஒரு கோப்பு, ஒவ்வொரு படமும் ஒரு கோப்பு, வடிவமைப்புக்கென்று இன்னும் சில. 30 பாய்களின் படம் உள்ள பக்கத்தை ஒரே ஒருவர் ஒரே ஒரு தடவை திறந்தாலும் 30க்கு மேல் ஹிட் விழும்.

பக்கப் பார்வை என்பது வேறு. ஒரு பக்கம் ஒருமுறை திறக்கப்பட்டால் அது ஒன்று. பார்வையாளர் எண்ணிக்கை அதிலிருந்தும் வேறு. பிரவுசர் சேமித்துவைக்கும் குக்கி என்ற சிறு அடையாளக் குறிப்பை வைத்து ‘இவர் முன்பு வந்தவர்தானா’ என்று வருகையை எண்ணும் கருவிகளில் பெரும்பாலானவை ஊகிக்கின்றன. ஒரே ஆள் காலையில் போனிலும் மாலையில் கணினியிலும் வந்தால் இரண்டு பேராகப் பதிவாகலாம். மனிதர்களே அல்லாத நிரல்களும் தளங்களுக்கு ஓயாமல் வந்து போகின்றன; எல்லாக் கருவிகளும் அவற்றை ஒழுங்காகக் கழித்துவிடுவதில்லை.

பார்வையாளர் எங்கிருந்து வந்தார் என்பதையும் இந்தக் கருவிகள் பிரித்துக் காட்டும்: தேடுபொறி, சமூக ஊடகம், இன்னொரு தளத்திலுள்ள இணைப்பு, டைரக்ட். இந்த ‘டைரக்ட்’ பலரை ஏமாற்றுகிறது. முகவரியை நேராகத் தட்டி வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், எங்கிருந்து வந்தார் என்று கருவிக்குத் தெரியாத எல்லோரும் அதில்தான் போய் விழுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ பகிர்ந்த இணைப்பைத் தொட்டு வருபவர்களில் கணிசமானோர் இந்தக் கணக்கில்தான் இருப்பார்கள்.

வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ பகிர்ந்தால் ஆள் வராது என்று சொல்லவில்லை. வருவார்கள். இரண்டு நாள் கூட்டம் இருக்கும், பிறகு அடங்கிவிடும். பாய் வேண்டும் என்று தானாகத் தேடி வருபவர் வேறு ரகம். அவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார். இனி இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

சுருக்கமாக: ஹிட், பக்கப் பார்வை, பார்வையாளர் மூன்றும் ஒன்றல்ல. யாராவது எண்ணைச் சொன்னால், அது எதன் எண் என்று கேளுங்கள்.

கண்டுபிடிப்பது: கிராலர் வர வழி இருக்கிறதா?

நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் கூகுள் இணையம் முழுக்க ஓடித் தேடிவிட்டு வருகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். மற்ற எல்லாக் குழப்பங்களும் இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் கிளைக்கின்றன. அந்த நொடியில் கூகுள் இணையத்தைத் தொடுவதே இல்லை. முன்பே போய்ப் பார்த்துத் தன்னிடம் குறித்துவைத்திருப்பதில் மட்டும்தான் தேடுகிறது. அந்தக் குறிப்பில் இல்லாத பக்கம், தேடுபவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

முன்பே போய்ப் பார்க்கும் நிரலுக்குக் கிராலர் என்று பெயர். கூகுளின் கிராலர் கூகுள்பாட். தனக்குத் தெரிந்த ஒரு பக்கத்தைத் திறக்கும். அதிலுள்ள இணைப்புகளைக் குறித்துக்கொள்ளும். பிறகு அவற்றைத் திறக்கும். அங்குள்ள இணைப்புகளையும் குறித்துக்கொள்ளும். இது முடிவில்லாமல் நடக்கிறது. அப்படியானால் நேற்றுத் தொடங்கிய, வேறு எந்தத் தளமும் இணைப்புக் கொடுக்காத பாய்க்கடைத் தளத்துக்குக் கிராலர் எந்த வழியாக வரும்? வராமலேயே இருந்துவிடலாம்.

நாமே சொல்லிவிடுவதற்கு ஒரு வழி உண்டு. தளத்திலுள்ள எல்லாப் பக்க முகவரிகளையும் பட்டியலிட்ட ஒரு கோப்பை வைக்கலாம். அதன் பெயர் சைட்மேப். கூகுள் இதை 2005இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே யாஹூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றுக்கொண்டன. தளம் கட்டும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இதைத் தாமாகவே உருவாக்கிவிடும். அதன் முகவரியைக் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் கொடுத்தால் போதும். ‘உங்கள் தளத்தைக் கூகுளில் பதிவுசெய்து தருகிறோம்’ என்று காசு கேட்பவர் செய்யப்போவதும் இதைத்தான்.

வழி இருந்தும் கதவில் ‘உள்ளே வராதே’ என்று எழுதியிருக்கலாம். ரோபாட்ஸ் கோப்பு என்று ஒன்று உண்டு. எந்தப் பகுதிக்குக் கிராலர் வரலாம், எதற்கு வரக்கூடாது என்று தள உரிமையாளர் சொல்லும் இடம் அது. 1994இல் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் முன்வைத்த இந்த ஏற்பாடு, வெறும் நடைமுறை ஒப்பந்தமாகவே பல ஆண்டுகள் இருந்து, 2022இல்தான் முறையான இணையத் தரமானது. அதில் தவறான ஒரு வரி இருந்தால் தளம் முழுக்கவும் கிராலருக்கு அடைபட்டுவிடும்.

குறித்துவைப்பது: வந்து பார்த்ததெல்லாம் சேர்வதில்லை

கிராலர் கொண்டுவந்ததைப் படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று தேடுபொறி ஒரு மாபெரும் சொல்லடைவு தயாரிக்கிறது. அதுதான் இண்டெக்ஸ். பல்லாயிரம் கோடிப் பக்கங்கள் தன் இண்டெக்ஸில் இருப்பதாகவும், அதன் அளவு 10 கோடி ஜிகாபைட்டைத் தாண்டும் என்றும் கூகுள் சொல்கிறது.

அவ்வளவு பெரியது என்பதற்காக எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுக்கொள்வதில்லை. சர்ச் கன்சோலில் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து நிலையைக் கேட்டால், ‘வந்து பார்த்தோம், இப்போதைக்குச் சேர்க்கவில்லை’ என்ற பொருளில் ஒரு பதில் வரக்கூடும். 40 பாய்களுக்கு 40 பக்கம் போட்டு, நிறத்தின் பெயரை மட்டும் மாற்றி ஒரே விவரிப்பை ஒட்டியிருந்தால் இந்தப் பதிலை எதிர்பார்க்கலாம். ஒன்றுபோலவே இருக்கும் பக்கங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தேடுபொறி ஒதுக்கிவிடும்.

இதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது. பக்கத்துக்குள் ‘நோஇண்டெக்ஸ்’ என்ற குறிப்பு இருந்தால், அந்தப் பக்கத்தைக் கூகுள் சேர்க்காது. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் வாசிப்பு அமைப்புகளுக்குப் போனால், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு பெட்டி இருக்கும். தளம் கட்டி முடியும்வரை டெவலப்பர் அதில் டிக் போட்டுவைப்பார். அது நியாயமான வேலைதான். தளத்தை ஒப்படைக்கும் நாளில் அதை எடுக்க மறந்துவிடுவார். பிறகு உரிமையாளர் மாதக்கணக்கில் கட்டுரையாக எழுதிக்கொண்டிருப்பார், ஒன்றும் வராது. ‘எஸ்இஓ சரியில்லை’ என்று சொல்லப்படும் தளங்களில் நான் முதலில் பார்ப்பது அந்த ஒரு டிக்கைத்தான்.

தமிழ்த் தளங்களுக்கென்றே வரும் இரண்டு சிக்கல்கள் இந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒன்று, போஸ்டர் பழக்கம். கடையின் பெயர், விலை, அளவு, போன் எண், ‘கல்யாணப் பாய் ஆர்டரின் பேரில் நெய்து தரப்படும்’ என்ற வாசகம் எல்லாவற்றையும் அழகான தமிழ் எழுத்தில் ஒரே படமாக அச்சகத்தில் செய்து வாங்கி அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறோம். கண்ணுக்கு நிறைவாக இருக்கும். இண்டெக்ஸுக்கு அது ஒரு படம். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் திறமை இன்று கணினிக்கு வந்துவிட்டது உண்மைதான். ஆனால் வளைத்து நெளித்து எழுதிய அலங்கார எழுத்தை அது சரியாகப் படிக்கும் என்று கடையை அதன்மேல் வைக்க முடியாது. அதே விவரத்தைப் படத்துக்குக் கீழே சாதாரண எழுத்தில் தட்டிவிடுவது பத்து நிமிட வேலை. படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று வாசகம் ஒன்றையும் ஒவ்வொரு படத்துக்கும் சேர்க்கலாம். பார்வையற்றவர்களுக்குப் படித்துச் சொல்லும் கருவிகளும் அதைத்தான் படிக்கின்றன.

இரண்டு, பழைய எழுத்துரு. யூனிகோடு என்பது உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுத் தரம். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலிருந்தே தமிழ் அதில் இருக்கிறது. அப்படியிருந்தும் டிடிபி கடைகளில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் ‘அம்மா’ என்று திரையில் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசை. எழுத்துரு என்ற முகமூடிதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. தேடுபொறி படிப்பது கோப்பில் இருப்பதை. ஆகவே அந்தப் பக்கத்தில் தமிழ் என்று ஒரு எழுத்துகூட இல்லை என்றே அது முடிவுகட்டும். இணையத்தின் தொடக்க காலத்தில் இப்படி ஏற்றப்பட்ட எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் எந்தத் தேடலிலும் சிக்காமல் போனதற்கு இதுதான் காரணம். அச்சுக்கு அடித்துவைத்த துண்டறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டுவதாக இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

உங்கள் தளம் இண்டெக்ஸில் இருக்கிறதா என்று உடனே பார்க்கவும் முடியும். கூகுள் பெட்டியில் ‘சைட்’ என்பதை ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். சேர்ந்திருக்கும் பக்கங்கள் வரும். இது தோராயமான கணக்குதான். துல்லியமாகப் பார்க்க சர்ச் கன்சோல் வேண்டும்.

இதுவரை: கிராலர் வர வழி வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், வந்தால் படிக்கக்கூடிய எழுத்து இருக்க வேண்டும். இவை மூன்றும் இல்லாமல் ‘ரேங்க்’ பற்றிப் பேச ஒன்றுமே இல்லை.

வரிசைப்படுத்துவது: யார் சொன்னால் நம்புவது?

இப்போது ஒருவர் ‘கோரைப்பாய்’ என்று தேடுகிறார். அந்தச் சொல் உள்ள பக்கங்கள் ஏராளம். எதை முதலில் வைப்பது?

1990களின் நடுப்பகுதியில் வந்த ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள சொற்களை நம்பின. அந்தச் சொல் தலைப்பில் இருக்கிறதா, எத்தனை தடவை வருகிறது என்று பார்த்தன. உடனே ஆட்கள் வெள்ளைத் தாள்மேல் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை ஒளித்துவைக்க ஆரம்பித்தார்கள். தன்னைப் பற்றித் தானே சொல்வதை மட்டும் கேட்டால் வேறென்ன நடக்கும்?

இங்கே ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வருவோம். பழக்கமில்லாத ஊரில் பெண்ணுக்குக் கல்யாணம். சமையலுக்கு யாரைப் பிடிப்பது என்று விசாரிக்கிறீர்கள். பத்துப் பேர் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். துருவிக் கேட்டால் ஒன்பது பேர் அவருக்குச் சொந்தம். மண்டப மேனேஜர் வேறொரு பெயரைச் சொல்கிறார். வருஷம் முழுக்கப் பந்தியைப் பார்க்கிறவர் அவர். அந்தப் பத்துப் பேரைவிட அவருடைய ஒரு வார்த்தைக்கு எடை அதிகம். சரி, மேனேஜர் நம்பத்தக்கவர் என்று எப்படித் தெரிந்தது? ‘எதுனாலும் அவரைக் கேளுங்க’ என்று ஊரில் நாலு பெரிய மனிதர்கள் அவரிடம் அனுப்பிவைத்தார்கள். அதே மேனேஜர் ஒரு பெயரைச் சொல்வதற்குப் பதில் ஐம்பது சமையல்காரர்களின் பட்டியலை நீட்டினால், அதிலுள்ள எந்தப் பெயருக்கும் அவர் சொல்லின் பலம் பெரிதாகப் போய்ச்சேராது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1990களின் பிற்பகுதியில் கணக்காக மாற்றியது ஏறக்குறைய இந்த விசாரணையைத்தான். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பு ஒரு பரிந்துரை. அப்படி நம் பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புதான் பேக்லிங்க். பரிந்துரையின் எடை, பரிந்துரைப்பவருக்கு எவ்வளவு பரிந்துரை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அவர் எத்தனை பேருக்குப் பரிந்துரைக்கிறாரோ அத்தனை பங்காக அது பிரியும். இந்தக் கணக்கின் பெயர் பேஜ்ரேங்க்.

கணக்கு வட்டமாகச் சுற்றுகிறதே என்று தோன்றும். மேனேஜரின் மதிப்பு நாலு பேரைப் பொறுத்தது, அந்த நாலு பேரின் மதிப்பு இன்னும் யாரையோ பொறுத்தது. தீர்வு எளிமையானது. எல்லாப் பக்கத்துக்கும் முதலில் ஒரே மதிப்பைக் கொடுத்துக் கணக்குப் போடு. வந்த விடையை வைத்து மறுபடி போடு. எண்கள் மேலும் கீழும் ஆடுவது நிற்கும்வரை போட்டுக்கொண்டே இரு. கடைசியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் நிலைக்கும். 1998இல் இந்த அடித்தளத்தில்தான் கூகுள் நிறுவனம் தொடங்கியது.

இன்றைய வரிசை இந்த ஒரு கணக்கால் மட்டும் அமைவதில்லை. தேடியவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்த மொழியில் தேடினார், பக்கம் எவ்வளவு புதியது, கேள்விக்கு உண்மையில் பதில் சொல்கிறதா என்று பலவும் சேர்கின்றன. 2015இல் வந்த ரேங்க்பிரெய்ன், 2019இல் வந்த பெர்ட் போன்ற இயந்திரக் கற்றல் முறைகள், சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகாவிட்டாலும் கேள்வியின் பொருளைப் பிடிக்க உதவுகின்றன. தளம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான முறையில் இயங்குவதும், போனில் ஒழுங்காகத் திறப்பதும் கணக்கில் உண்டு. கூகுள் இப்போது உங்கள் தளத்தின் போன் வடிவத்தைத்தான் முதன்மையாகப் படிக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் திரையில் தெரிவது நல்லது என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். இதற்காக இரவு பகலாக மெனக்கெடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கருத்தில், 5 எம்பி பாய்ப் படங்களைச் சுருக்கி ஏற்றினாலே பாதி வேகம் கிடைத்துவிடும். மீதி பெரிதாக எதையும் புரட்டிப்போடாது.

பரிந்துரைக்கு மதிப்பு உண்டென்றால், பரிந்துரையை விலைக்கு விற்கவும் ஆள் வந்துவிடுவார்கள். வந்தார்கள். அமெரிக்காவின் பெரிய கடைத்தொடரான ஜேசி பென்னி, 2010ஆம் ஆண்டின் விடுமுறைக் காலத்தில் உடை, படுக்கை விரிப்பு போன்ற பொதுவான தேடல்களில்கூட முதலிடத்தில் நின்றது. அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் விலைக்கு வைக்கப்பட்ட இணைப்புகளே காரணம் என்று 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கூகுள் அவர்களைப் பல பக்கங்கள் கீழே தள்ளியது. எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது கடை. எஸ்இஓ நிறுவனத்தை நீக்கியது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளம், கிராலருக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டியதற்காகக் கூகுளிலிருந்தே தூக்கப்பட்டிருக்கிறது. 2012இல் கூகுள் தன் வரிசைக் கணக்கில் கொண்டுவந்த பெங்குயின் என்ற மாற்றம் இந்த இணைப்பு வியாபாரத்தைக் குறிவைத்தே செய்யப்பட்டது.

ஆகவே ‘ஐநூறு பேக்லிங்க் ஐயாயிரம் ரூபாய்’ என்று வரும் மின்னஞ்சலில் விற்கப்படுவது சமையல்காரரின் சொந்தக்காரர்கள்தான். பாய்க்கடைக்கு உண்மையான பேக்லிங்க் எங்கிருந்து வரும்? கைவினைப் பொருள்களைப் பற்றி எழுதும் ஒரு பத்திரிகை, பத்தமடையை ஆராயும் ஒரு கல்லூரித் துறை, கல்யாண ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனம். கோரையை எப்படிச் சீவுகிறார்கள், தறியில் பெயரை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று படத்தோடு ஒரு பக்கம் எழுதிவைத்தால், இவர்களுக்கு இணைப்புக் கொடுக்க ஒரு காரணம் கிடைக்கும். ‘எங்கள் பாய் தரமானது’ என்ற பக்கத்துக்கு யார் எதற்காக இணைப்புக் கொடுப்பார்கள்?

இன்னொரு எண்ணும் பேச்சில் அடிபடும்: டொமைன் அதாரிட்டி. ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்று மாஸ் என்ற தனியார் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்காக உருவாக்கிய மதிப்பீடு அது. வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் சொல்லியிருக்கிறது.

சுருக்கமாக: வரிசைக்கு இரண்டு கேள்விகள் அடிப்படை. பக்கம் கேள்விக்குப் பொருந்துகிறதா? மற்றவர்கள் அதை மதிக்கிறார்களா? இரண்டாவதை நம்மால் நேரடியாகச் செய்ய முடியாது. முதலாவது முழுக்க நம் கையில்.

தேடுபவர் எந்தச் சொல்லைத் தட்டுகிறார்?

கீவேர்டு என்றால் தேடுபவர் பெட்டியில் தட்டும் சொல் அல்லது சொற்றொடர். பக்கத்தின் மறைவான இடத்தில் கமா போட்டு ஐம்பது சொற்களை அடுக்கும் மெட்டா கீவேர்டு என்ற பழைய பழக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதை வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. இன்னும் அதைச் செய்து தந்து பில் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

தளத்தின் முகப்பில் ‘பாரம்பரியக் கைவினைத் தரைவிரிப்புகள்’ என்று எழுதியிருக்கும். வாங்க வருபவர் ‘கல்யாணப் பாய்’ என்று தேடுவார். ‘பத்தமடை பாய் விலை’ என்று தேடுவார். தமிழ் விசைப்பலகை இல்லாதவர் இதே சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுவார், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். உங்கள் பக்கத் தலைப்பில் ‘பாய்’ என்ற சொல்லே இல்லையென்றால் தேடுபொறி உங்களைத் தரைவிரிப்புக் கடையாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள், அதைச் சொல்லும் தெளிவான தலைப்பு, உள்ளே வாடிக்கையாளர் பேசும் சொல். ஆங்கில எழுத்திலுள்ள ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் எங்காவது இயல்பாக ஒருமுறை வந்தால் நல்லது. அதே சொல்லை வரிக்கு வரி திணிப்பது பழைய வெள்ளையெழுத்து வேலைதான், படிப்பவரும் ஓடிவிடுவார்.

எந்தச் சொற்கள் என்று கண்டுபிடிக்கக் கருவிகள் இருக்கின்றன. கூகுள் பெட்டியில் தட்டும்போதே கீழே விழும் பரிந்துரைகள், எந்தச் சொல் எப்போது அதிகம் தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் ஆகியவை இலவசம். ஆனால் ஒரு கடைக்காரருக்குத் தன் வாட்ஸ்அப்பைவிடச் சிறந்த கருவி கிடையாது. ‘பேர் போட்டு நெய்ய எத்தனை நாள் ஆகும்?’, ‘ஆங்கிலத்துல பேர் வருமா?’, ‘சிங்கப்பூருக்கு அனுப்புவீங்களா?’, ‘தண்ணி பட்டா என்ன ஆகும்?’ ஒருவர் கேட்டதை இன்னும் பலர் தேடிக்கொண்டிருப்பார்கள். தினமும் தன்னிடம் வரும் தேடல்களில் 15 சதவீதம் அதற்கு முன் வந்ததே இல்லை என்று கூகுள் பலமுறை சொல்லியிருக்கிறது. மனிதர்கள் அவ்வளவு விதமாகக் கேட்கிறார்கள். ‘பாய்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பெரிய விற்பனைத் தளங்களோடு மோத வேண்டாம். பெயர் நெய்த பாய்க்கு எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்லும் பக்கம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

2024இலிருந்து தேடல் முடிவுகளின் மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் ஒன்று பல தேடல்களில் வருகிறது. இந்தியாவுக்கு அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது. ‘கோரைப்பாயின் நன்மைகள்’ என்று எல்லோரும் எழுதுவதையே எழுதினால், படிப்பவர் சுருக்கத்தோடு நின்றுவிடுவார். உங்கள் விலைப்பட்டியலுக்கும் நெய்யும் நாள்கணக்குக்கும் அவர் உங்களிடம்தான் வந்தாக வேண்டும்.

காசு கட்டினால் மேலே வருமா?

விளம்பரப் பகுதியில் வரும். அங்கே ‘ஸ்பான்சர்டு’ என்ற அடையாளம் இருக்கும். ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு போகும். நிறுத்தினால் அன்றே மறையும். முகூர்த்தக் காலத்தில் ஒரு மாதம் விளம்பரம் செய்வது தவறில்லை. ஆனால் விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணம் அதற்குக் கீழேயுள்ள சாதாரண முடிவுகளின் வரிசையை மாற்றாது. இதைக் கூகுளே வெளிப்படையாகச் சொல்கிறது.

‘முதலிடத்துக்கு உத்தரவாதம்’ என்பவர்களிடம் எந்தச் சொல்லுக்கு முதலிடம் என்று கேளுங்கள். உங்கள் கடையின் பெயரையே தேடிக் காட்டி ‘பாருங்க, முதல்ல வருது’ என்பது பழைய வித்தை. அந்தப் பெயரில் வேறு கடையே இல்லாதபோது அது வராமல் எங்கே போகும்? முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. மாற்றங்கள் சில மணிநேரத்திலும் தெரியலாம், பல மாதமும் ஆகலாம் என்பதும் அதே வழிகாட்டியில் உள்ளதுதான்.

ஊருக்குள் வந்து வாங்குபவர்களே அதிகம் என்றால் தளத்துக்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: கூகுள் பிசினஸ் புரொஃபைல். மேப்பில் கடையைக் காட்டும் இலவசக் கணக்கு. ‘அருகிலுள்ள பாய்க்கடை’ போன்ற தேடல்களில் பொருத்தம், தூரம், கடையின் பெயர்பெற்ற அளவு ஆகிய மூன்றையும் கூகுள் பார்க்கிறது. சரியான நேரம், சரியான போன் எண், நாலு உண்மையான படம், வாடிக்கையாளர் எழுதும் கருத்துகளுக்குப் பதில்; இவ்வளவு போதும்.

எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்பது

சர்ச் கன்சோல் திறந்ததும் நிறைய வரைபடங்கள் மிரட்டும். ஆரம்பத்தில் இரண்டு இடங்கள் போதும். பக்கங்கள் பகுதியில், எவை இண்டெக்ஸில் சேர்ந்தன, எவை சேரவில்லை, ஏன் என்று இருக்கும். சேரவில்லையென்றால் முதல் இரண்டு கட்டங்களுக்குத் திரும்புங்கள்; எழுத்தையோ கீவேர்டையோ தொட வேண்டாம்.

செயல்திறன் பகுதியில் நான்கு எண்கள். முடிவுகளில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது, அதன் விகிதம், சராசரியாக எத்தனையாவது இடம். இண்டெக்ஸில் இருந்தும் காட்டப்படவே இல்லையென்றால், நீங்கள் எழுதிய சொல்லை யாரும் தேடவில்லை, அல்லது வரிசையில் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறீர்கள். நிறைய காட்டப்பட்டும் சொடுக்கு இல்லையென்றால் தலைப்பையும் அதற்குக் கீழே வரும் இரண்டு வரியையும் பாருங்கள். தேடியவருக்கு அது தனக்கான பக்கம் என்று தெரியவில்லை. எந்தெந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியலும் அங்கேயே இருக்கும். அடுத்து எழுத வேண்டிய பக்கங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலிருந்தே கிடைத்துவிடும்.

இந்தக் கருவி 16 மாதக் கணக்கை வைத்திருக்கும். ஆனால் தளத்தை அதில் சேர்த்த பிறகுதான் எண்கள் சேரத் தொடங்கும். எனவே இன்று ஒன்றும் பார்க்கப்போவதில்லை என்றாலும் இன்றே இணைத்துவிடுவது நல்லது. கல்யாணப் பாய் விற்கும் தளத்தில் வைகாசியில் ஏறிய கோடு ஆடியில் சரியத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதறி டிசைனை மாற்றுபவர்களும், புதிதாக ஒரு எஸ்இஓ ஆளைப் பிடிப்பவர்களும் உண்டு. அந்தக் கோட்டைப் போன வருஷத்து ஆடிக் கோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியும் அதே திரையில் இருக்கிறது.